ஒட்டிய பக்கம்

பஞ்சநாதன் அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, அரக்கு முத்திரை வைத்த மூட்டையை மடியில் அணைத்துக்கொண்டே மாட்டுவண்டியில் ஊருக்குள் ஒரு வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். 1947, மே மாதம். மூட்டைக்குள் இண்டர்மீடியட் கணக்குப் பரீட்சை விடைத்தாள்கள், சரியாக இருநூறு. கும்பகோணத்தில் ஒரு காலேஜில் அவர் கணக்கு வாத்தியார். கோடை லீவில் இந்தக் காலி வீட்டைப் பிடித்துத் தனியாக உட்கார்ந்து திருத்துவது இது மூன்றாவது வருஷம்.

சர்வகலாசாலை என்றால் லேசுப்பட்ட சமாசாரமா? பட்டணத்தில் மணிக்கூண்டு வைத்த கட்டடம், அங்கி மாட்டிய பெரியவர்கள், மாகாணமெங்கும் காலேஜுகள், ஆயிரமாயிரம் பிள்ளைகள். அத்தனை பிள்ளைகளும் அதற்கு நம்பர்கள்தான். விடைத்தாளில் பெயர் இருக்காது. திருத்துகிறவர் நிம்மதியாகத் தூங்க அது நல்ல ஏற்பாடு.

பஞ்சநாதனுக்கு ஒரு நம்பர் மட்டும் மறக்கவில்லை. 2417.

போன வருஷம் அந்தத் தாளுக்கு முப்பத்திநாலு போட்டார். முப்பத்தைந்து வாங்கினால் பாஸ். மார்க் பட்டியல் தபாலில் போன பிறகு, மூட்டை கட்டும்போதுதான் அதில் இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பது கையில் தட்டுப்பட்டது. உள்ளே அவர் பார்க்காத கணக்கு ஒன்று இருந்தது. ஒரு தந்தி கொடுத்திருந்தால் போதும். பார்க்காமல் திருத்துகிறவர் என்று பெயர் கெட்டுவிடுமே, அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்களே என்று பயந்து முடிச்சைப் போட்டுவிட்டார்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்தவள் ராசாத்தி. இந்த வருஷம்தான் புதிதாக வேலைக்கு வந்தவள். இலையைப் போட்டுவிட்டுத் தயங்கி நின்றாள்.

"சார், ஒத்த மார்க்குல போனா திரும்பப் பாக்கச் சொல்ல முடியுங்களா?"

"யாருக்கு?"

"எம் மவன் செல்லக்கண்ணுக்குங்க. திருமானூர்லேருந்து போயி திருச்சில படிச்சான். ரிசல்ட்டு வந்தப்புறம் யாரோடயும் பேசல. ஆடி வெள்ளத்துல கொள்ளிடத்துல எறங்கினவன்தான். உடம்புகூடக் கெடைக்கலைங்க."

சுருக்குப்பையிலிருந்து மடித்த ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

2417.

அவர் பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தார். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். "அதெல்லாம் முடிஞ்சு போச்சும்மா. திரும்பப் பாக்க மாட்டாங்க" என்றுதான் வந்தது.

அப்புறம் பத்து நாள் அவள் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டார்.

பத்தாம் நாள் உச்சிவெயில். தெருவில் சுண்ணாம்புக்கல் வண்டிகள்கூட ஓய்ந்திருந்தன. காக்கைச் சத்தம் இல்லை. திருத்தி முடித்த தாள்களை எண்ணினார்.

இருநூற்றொன்று.

மறுபடி எண்ணினார். இருநூற்றொன்று. அறையில் ஆற்றுச் சேற்றின் வாடை அடித்தது.

அடியில் ஒரு தாள் நனைந்து கிடந்தது. மேலே 2417. பக்கத்தில் சிவப்பு மையில் முப்பத்திநாலு, அவர் கையெழுத்தேதான்.

ஒட்டியிருந்த பக்கம் மெல்ல உப்பி, அடங்கியது.

மூச்சு விட்டது.

பேனாக்கத்தியை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஈர மணலும், முத்துமுத்தான எழுத்தில் ஒரு கணக்கும் இருந்தன. ஒரு படிகூடத் தப்பில்லை. ஆறு மார்க் போட்டார். முப்பத்திநாலை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினார்.

"போதுமாப்பா?" என்று கிசுகிசுத்தார்.

தாள்களை மறுபடி எண்ணிப் பார்த்தார். இருநூறுதான். மேஜையில் ஈரம்கூட இல்லை.

அப்பாடா என்றிருந்தது. யாருக்கும் தெரியாமலே சரிசெய்தாகிவிட்டது, இனி ராசாத்தியிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? மூட்டையைக் கட்டி முத்திரை வைத்து, ஸ்டேஷனில் பார்சல் ஆபீசில் சேர்த்தார். ரயில் கிளம்பும்வரை நின்று பார்த்துவிட்டே திரும்பினார்.

ராசாத்தி வாசலில் காத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், எம் மவன் வந்துட்டான்! பாஸாயிட்டேம்மான்னு சொன்னான்."

பஞ்சநாதன் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களப் பத்தித்தான் பேச்சு. ஒட்டியிருந்த பக்கத்த நீங்கதான் பிரிச்சீங்களாமே." அவள் குரல் தணிந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது. "போன வருசமே பாத்தீங்களாமே, சார்."

வாசலிலிருந்து உள்ளறை வரை ஈர மணல் படிந்த காலடிகள் போயிருந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"உள்ளதான் ஒக்காந்திருக்கான். எங்கிட்ட சொல்லாதத அவங்கிட்டயாவது சொல்லுங்க."

மூட்டை ரயிலேறிப் போய்விட்ட அந்த அறைக்குள், யாரோ தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டும் சத்தம் கேட்டது.