உப்பு மாவு நட்சத்திரங்கள்

கிறிஸ்மஸ் குடிலுக்கு மேலே தொங்கவிட்டிருந்த பிஸ்கட் நட்சத்திரங்களில் ஒன்றுக்கு ஒரு முனையைக் காணோம்.

ரஞ்சிதா விளக்குமாற்றைப் போட்டுவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தாள். எலிதான் கடித்திருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் எந்த எலி இந்தக் கண்றாவியைத் தின்னும்? இரண்டு கப் மைதாவுக்கு ஒரு கப் உப்பு போட்டுப் பிசைந்த மாவு. நாக்கில் பட்டாலே தூக்கிவாரிப் போடும். கீழே ஒரு துணுக்குகூடச் சிந்தியிருக்கவில்லை.

அவை பிஸ்கட்டே இல்லை. எதிர்வீட்டு ஆரோக்கியம்மாள் மாதத் தொடக்கத்திலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"ஏத்தா ரஞ்சிதா, இன்னும் வருசம் திரும்பல. இந்தக் கிறிஸ்மஸுக்கு ஒன் வீட்ல பலகாரம் கிலகாரம் சுடக் கூடாது. நாங்க கொண்டாந்து தாரோம்."

சரிக்கா என்று தலையாட்டினாள். ஆனால் ஆன்டோவுக்குக் கொடுத்த வாக்கை என்ன செய்வது? ஆடி மாதக் காய்ச்சலில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் ஊசி ஏறியிருந்தபோது அவன் கேட்டான், "கிறிஸ்மஸுக்கு ஸ்டார் பிஸ்கட் செஞ்சு தருவியாம்மா?" ஆறு வயசுப் பிள்ளை. "தட்டு நெறையச் செஞ்சு தாரேன்டா தங்கம், நீ வீட்டுக்கு வா" என்றாள். வந்தான். ஆம்புலன்ஸில், வெள்ளைத் துணிக்குள்.

அதனால்தான் இந்த வேலை. அடுப்பில் ஏற்றவில்லை, எண்ணெய் தொடவில்லை, யாரும் தின்னப் போவதில்லை. பலகாரம் என்று ஒருத்தரும் வாய் திறக்க முடியாது, பிள்ளைக்குச் சொன்ன சொல்லும் பொய்யாகாது. ஆன்டோ களிமண் விளையாடிய பிளாஸ்டிக் அச்சிலேயே வெட்டினாள். சுட்ட நிறம் வருவதற்காகக் காப்பித்தூள் கலந்தாள். மொட்டை மாடியில் காயவைத்து நூலில் கோத்து, பழக்கத்தில் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டினாள். இவ்வளவும் சரி. வாசனைக்கென்று ஒரு சொட்டு வெனிலா எசன்ஸ் விட்டாளே, அதைத்தான் செய்திருக்கக் கூடாது.

கடிபட்ட நட்சத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினாள். சின்னப் பற்களின் தடம். நடுவில் மட்டும் கடிபடாமல் மெல்லிசாக ஒரு மேடு நின்றது.

ஆன்டோவுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அந்தப் பல்லை அவள்தான் கூரைமேல் எறிந்தாள். புதுசு முளைப்பதற்குள் அவன் போய்விட்டான்.

பொழுது சாயும்போது புருஷன் ஜெபக்குமார் போன் பண்ணினான். "ரஞ்சி, கோயில்ல குடில் வேலை இன்னும் முடியல. கொஞ்ச நேரத்துல வந்துர்றேன். நீ சாப்புட்டுப் படு."

"என்னங்க..."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. சீக்கிரம் வாங்க."

போனை வைத்த கையோடு கரண்ட் போனது. மார்கழிப் பனி ஜன்னல் வழியே இறங்கி வீட்டையே ஈரத்துணிபோலப் போர்த்திக்கொண்டிருக்க, பக்கத்துத் தெரு ஸ்பீக்கரில் பாதிப் பாட்டு அறுந்து, நாய்கள்கூடக் குரலடங்கி, மெழுகுவத்தியைத் தேடித் தடவிய அவள் மூக்கில் மட்டும், யாரோ இப்போதுதான் பொட்டலத்தைப் பிரித்ததுபோல வெனிலா வாசனை குப்பென்று ஏறியது. தொண்டை காய்ந்துபோய்க் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் வரவில்லை. மத்தியானம்தான் விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தாள்.

மெழுகுவத்தி பற்றியது. மாதா படத்துக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணித் தீர்த்த பாட்டில் மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. குடிலுக்கு மேலே வெறும் நூல்கள் தொங்கின. ஒரு நட்சத்திரமும் இல்லை. நூல்கள் ஆடிக்கொண்டிருந்தன. காற்று இல்லை.

சமையல்கட்டில் சத்தம் கேட்டது.

சப். சப்.

ஈரம் பட்ட எதையோ நக்கும் சத்தம். பாத்திரம் கழுவும் தொட்டியா? சுவரா? ஓடிவிடலாம் என்றது கால். போ, போய்ப் பார் என்றது வயிறு, அவனைச் சுமந்த வயிறு. சமையல்கட்டு வாசற்படியில் நின்றாள். சத்தம் நின்றது. மெழுகுவத்தி அணைந்தது.

"அம்மா. தண்ணி."

ஐயோ, என் புள்ள.

இருட்டில் குழாயைத் திருகினாள். காற்றுதான் வந்தது. கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாது. வாளியில் கைவிட்டாள். காய்ந்திருந்தது. எல்லாவற்றையும் குடித்துவிட்டிருக்கிறான். எதிர்வீட்டில் ஒரு சொம்பு வாங்கிவிடலாம் என்று வாசலுக்குத் திரும்பினாள். நைட்டியின் ஓரத்தை ஒரு கை பிடித்தது.

"போகாதம்மா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தட்டு நிறையத் தருகிறேன் என்று சொன்னவள், தின்ன முடியாததைச் செய்து தொங்கவிட்டாள். அது பொய் பிஸ்கட் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? அம்மா செய்தது என்று நம்பி, அவ்வளவு உப்பையும் ஒன்று விடாமல் தின்றிருக்கிறான். கரிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து குடித்ததைப்போலவே.

நெஞ்சு வெடித்து அழுதாள்.

மடியில் கனம் ஏறியது. பழகிய கனம். சில்லென்றிருந்தது. சின்ன விரல்கள் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பின. கன்னத்தில் ஒரு நாக்கு பட்டது. உப்புப் படிந்து, அரம்போலச் சொரசொரத்த நாக்கு. கண்ணீரை வழித்து நக்கியது. ஒருமுறை. இன்னொரு முறை.

நின்றது.

"இதும் உப்பும்மா."

வாசலில் ஜெபக்குமாரின் பைக் வந்து நின்றது. அழக் கூடாது. இனி ஒரு சொட்டு வரக் கூடாது. ரஞ்சிதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் கேட்கவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது.

தாகம் தாங்காமல் அந்த நாக்கு மறுபடியும் வந்தது.