ஈட்டி ஏந்திய பெயர்

1998ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஃப்ரீமான்ட் நகரப் பள்ளி ஒன்றில் மாணவர் தலைவர் தேர்தலுக்கு இன்னும் மூன்றே நாள். ஐந்தாம் வகுப்பு வெண்பாவின் தோழி கெர்ட்ரூட் போட்டியிடுகிறாள். சுவரொட்டி எழுத வெண்பாவின் வீட்டுக்கு வந்தவள் தூரிகையைத் தொடவே இல்லை.

காரணம், உடன் படிக்கும் கைல். அவள் பெயர் அழைக்கப்படும்போதெல்லாம் அவன் முதுகை வளைத்து, இல்லாத கைத்தடியை ஊன்றி நடப்பான். நூறு வயதுக் கிழவியின் பெயராம் அது! வகுப்பே சிரிக்கும். தன் பெயரைக் கேட்கவே ஒருத்தி அஞ்ச வேண்டுமா?

அந்த நேரம் பார்த்து, வெண்பாவின் அம்மா வசந்தாமணி முறுக்குத் தட்டோடு வந்தார். யார் வந்தாலும் பெயரைக் கேட்ட கையோடு அதன் பொருளையும் கேட்பது அவர் வழக்கம். கெர்ட்ரூடிடமும் கேட்டார்.

"அர்த்தம் ஒன்றும் இல்லை, ஆன்ட்டி. பழைய பெயர், அவ்வளவுதான்."

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. தேர்தல் நாளான வெள்ளிக்கிழமை மேடையேறிப் போட்டியிலிருந்து விலகிவிடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"ஏம்மா எல்லாரையும் மீனிங் கேக்கறே? ஷி வாஸ் க்ரையிங்," என்று வெண்பா முறைத்தாள்.

"பேருன்னா அர்த்தம் இல்லாம இருக்குமா, கண்ணு?" என்றார் அம்மா.

இருக்காதுதானே! மறுநாள் வெண்பா நூலகத்தில் பெயர் அகராதியைப் புரட்டினாள். அந்தப் பக்கத்தை நகலெடுத்து, மாலையில் தோழியை வீட்டுக்கு அழைத்துவந்து படித்துக் காட்டினாள். பழைய ஜெர்மானிய மொழியில் 'கேர்' என்றால் ஈட்டி. 'ட்ரூட்' என்றால் வலிமை.

"வேலோட பலமா? நம்ம ஊர்ல பொறந்திருந்தா வேலம்மான்னு கூப்பிட்டிருப்போம்," என்றார் அம்மா. வெண்பா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். கெர்ட்ரூட் அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு தூரிகையை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் பெயர் அழைக்கப்பட்டதும் கைல் முதுகை வளைத்தான். அவள் ஒலிவாங்கியின் முன் நிமிர்ந்து நின்றாள்.

"என் பெயர் பழையதுதான். ஈட்டியின் வலிமை என்பது அதன் பொருள். ஈட்டி ஏந்தியவர்களுக்கு முதுகு வளையாது, கைல்."

அரங்கம் கைதட்டலால் அதிர்ந்தது. கைலின் முதுகு தானாக நிமிர்ந்தது. மதிய இடைவேளையிலும் நூலகத்தைத் திறந்துவைக்கப் போராடுவேன் என்று அவள் முழங்கினாள். பெருவாரியான வாக்குகள் பெற்று வென்றாள்.

வெளியே வந்ததும் கைல் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு வெண்பாவிடம் மெல்ல விசாரித்தான்: "என் பெயருக்கும் அர்த்தம் இருக்குமா?"

"தேடிப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வா. அம்மா கேட்காமல் விடமாட்டார்."

அடுத்த வாரம், முறுக்குத் தட்டின் எதிரே, மாணவர் தலைவி கெர்ட்ரூடின் பக்கத்தில், நூலகத் தாளைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான் கைல்.