கருவாட்டுக் கடைக்குள் வந்த கடல்

“என்னங்க மொதலாளி, நிறுவை ஏத்தத் தண்ணி தெளிச்சீங்களா?”

தேயிலைக் கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவிட்டு வந்த அம்மாக்கண்ணு, நெத்தலியை உள்ளங்கையில் பிசைந்து காட்டினாள். ஈரம்.

“மழைய நானா வரவழைச்சேன்? வேணும்னா எடு, இல்லாட்டி வச்சிட்டுப் போ.”

வாய்தான் வியாபாரம் பேசியது. இராயப்பனின் மூக்கு வேறெங்கோ இருந்தது. மலையகத்து அட்டன் கடைத்தெருவில் காலமெல்லாம் கருவாடு விற்றவர் அவர். அவர் அறிந்த கடல் செத்த கடல். சாக்கில் கட்டி வரும், அமுக்கினால் அடங்கும், விலை சொன்னால் கேட்கும். இப்போது கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து, மூடுபனியோடு கலந்து, கருவாட்டு நெடியையே கீழே தள்ளிக்கொண்டு வந்த வாசம் பச்சையாக இருந்தது. மூச்சு விடுகிற கடலின் வாசம்.

மகள் யூஜினா கடலோரப் பல்கலைக்கழகம் ஒன்றில் கடற்பாசியின் மேல் வாழும் கிருமிகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். பாசி எடுக்கப் போன படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. கூடப் படித்தவர்கள் அவளுடைய உடுப்புப் பையையும், மேசையில் அவள் வளர்த்த பாசிப் போத்தலையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். உள்ளே இலையுமில்லை, கிளையுமில்லை. வெறும் பச்சைக் கட்டி.

கடைசியாகப் போனில் பேசியபோது அதைப் பற்றித்தான் சொல்லியிருந்தாள். “கிருமி இல்லன்னா பாசிக்கு உருவமே வராதுப்பா. சும்மா கட்டியாக் கெடக்கும். கிருமி நீந்தி வந்து ஒட்டுன பெறகுதான் எல விடும். ஒட்டுனதும், நீந்துற வாலக் கழட்டிப் போட்டுரும். இனி திரும்பிப் போறதில்லன்னு.”

“கட்டிக்குடுத்த பொண்ணு புகுந்த வீட்டுல பொட்டியப் பிரிச்ச மாதிரி.”

“ஒங்களுக்கு எப்பப் பாரு என் கல்யாணம்தான்! ஆனா உப்பில்லாத நல்ல தண்ணி மட்டும் ஆகாதுப்பா. ஒரு வாளி நம்ம ஊரு பீலித் தண்ணி ஊத்துனா அவ்வளவுதான், வெடிச்சுச் செத்துரும்.”

கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குப் போனது. இராயப்பனின் மனைவி இசபெலுக்குப் போவதற்கு ஒரு குழி இல்லை. போத்தலுக்கு முன்னால் ஏற்றி வைத்தாள். மகளின் சீப்பில் சிக்கியிருந்த முடியைச் சுருட்டி உள்ளே போட்டாள். “மண்ணுல வைக்க ஒண்ணுமில்லீங்க. இதுலயாவது கெடக்கட்டும்.”

தண்ணீர் வற்ற வற்றக் குழாய்த் தண்ணீரையே அவள் ஊற்றினாள். கட்டி வெளுத்தது, நாறியது. இசபெல் சோற்றைத் தள்ளிவிட்டு அதையே பார்த்துக் கிடந்தாள். அது அழுகிப் போனால் இவளும் போய்விடுவாள் என்று இராயப்பனுக்குப் பட்டது. தொழில் சொன்னதைச் செய்தார். உப்பு எதையும் இருந்தபடியே நிறுத்தி வைக்கும். மீனை நிறுத்தும், காலில் ஏறிய அட்டையை நிறுத்தும். கடையிலிருந்து ஒரு பிடி கல்லுப்பை அள்ளிப் போட்டார்.

மறுநாளே கட்டி பச்சை பிடித்தது. போத்தல் போதவில்லை. மீன் ஊறவைக்கும் பெரிய பேசனுக்கு இசபெல் அதை மாற்றினாள். தானே உப்புப் போட்டாள். அதனிடம் பேசத் தொடங்கினாள்.

அம்மாக்கண்ணு போன கையோடு இராயப்பன் கடையைச் சாத்தினார். பொழுது சாயுமுன்பே பனி வீட்டுக்குள் இறங்கியிருந்தது, கரண்டும் இல்லை. உள்ளேயிருந்து சின்னச் சத்தம். யாரோ தண்ணீரைக் கையால் அளைகிறார்கள். சுவரைத் தொட்டார். வழவழப்பு. விரலை நாக்கில் வைத்தார். உப்பு. மலை ஊற்று வந்து விழும் முற்றத்துப் பீலியில் ஒரு வாளி நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

இசபெல் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை பேசனுக்குள்.

“சத்தம் போடாதீங்க. இப்பத்தான் கண்ணசந்தா.”

பாசி இலை விடவில்லை. காது விட்டிருந்தது. சின்ன வயதில் யூஜினாவுக்குத் தோடு இழுபட்டுக் கிழிந்த அதே மடல். கன்னம். மூடிய இமை. எல்லாம் பச்சை, எல்லாம் மெல்ல அசைந்தன.

“கைய எடு, இசபெல்.”

“நா விட்டாலும் அவ விட மாட்டேங்குறா.”

கையை உயர்த்திக் காட்டினாள். தோல் எங்கே முடிகிறது, பாசி எங்கே தொடங்குகிறது? தெரியவில்லை.

வாளியைத் தூக்கினார். ஊற்றினால் மனைவி மிஞ்சுவாள். மகள் இன்னொரு முறை தண்ணீரில் சாவாள்.

பேரம் பேச எதிரில் ஆள் இல்லை.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை மேலே வந்தது. மகளுடைய அதே வளைந்த சுண்டுவிரல். அது காற்றில் துழாவியது. அவருடைய கட்டைவிரலைக் கண்டுபிடித்தது. பிறந்த அன்று பிடித்ததைப் போலவே பிடித்தது.

குளிர்.

“அப்பாவத் தெரியுது பாத்தீங்களா?” என்றாள் இசபெல்.

வாளி கவிழ்ந்தது, தரையில். நல்ல தண்ணீர் வாசல்வரை ஓடி வீணானது.

இராயப்பன் மெதுவாக விரலை உருவிக்கொண்டு கடைக்குப் போனார். உப்பு மூட்டையை இழுத்து வந்து பேசனுக்குள் சரித்தார். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்து, கடைச் சாவியை அதன்மேல் போட்டார்.

பிறகு, இசபெலுக்கு எதிரே உட்கார்ந்து, தன் கையையும் உள்ளே விட்டார்.

பச்சை இமை திறந்தது.