தண்ணீருக்கு நடுவே கையசைத்தவன்

வெர்னா பார்டி தன் தம்பி கார்லண்டை ஏற்றிக்கொண்டு காண்டர் விமான நிலையத்துக்குக் கிளம்பியபோதே மூடுபனி இறங்கியிருந்தது. ஏப்ரல் கடைசி. காடெல்லாம் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. உறைந்தும் இளகியும் வெடித்த தார்ச்சாலையில் குழிகள் தண்ணீர் கட்டிக் கிடந்தன. எது ஆழம், எது மேலோட்டம் என்று தெரியவில்லை. குளிர்காலத்தில் கொட்டிய உப்பை நக்க மூஸ் என்ற ராட்சத மான்களும் சாலைக்கு வரும் காலம். வெர்னா விளக்கைத் தாழ்த்திவிட்டு ஊர்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, என் ஃப்ளைட் இன்னிக்கு. அடுத்த வாரம் இல்ல."

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா இந்த வேகம்? நான் இறங்கி நடந்தா முன்னாடியே போய் உனக்கு டீ வாங்கி வெச்சிருப்பேன்."

"நட, யாரு வேணாங்கறா? மூஸ் வந்தா முதல்ல உன்னை முட்டட்டும். என் காராவது தப்பிக்கும்."

கார்லண்ட் சிரித்தான். ஆனால் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. மேற்கே ஆல்பர்ட்டாவில் எண்ணெய் வயல் வேலை. போன தடவை தாமதமாகப் போனதற்கே மேலாளர் கத்தித் தீர்த்திருந்தார். இந்தத் தடவை விமானத்தை விட்டால் வேலையும் போனது.

ஓடைத் திருப்பத்தில் வெர்னா காரை நிறுத்தினாள்.

சாலைக்குக் குறுக்கே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அடியில் குழாய் வழியாகப் போக வேண்டிய ஓடை, வழி அடைத்து மேலே ஏறியிருந்தது. பழுப்புத் தண்ணீர். அதில் தட்டுத் தட்டாகப் பனிக்கட்டி. மட்கிய இலையும் ஈரமண்ணும் கலந்த வாடை காருக்குள் வரைக்கும் வந்தது.

"அவ்வளவுதான். திரும்பிடலாம்" என்றாள்.

"கணுக்கால் அளவு தண்ணிக்கா? அங்க பாரு, ஆள் நிக்கறான்."

நின்றிருந்தான். தண்ணீருக்கு நடுவில், பனிப்படலத்துக்குள், ஆரஞ்சு மேல்சட்டை போட்ட ஒருவன். சாலை வேலைக்காரர்கள் போடுகிற சட்டை. கால் கணுவரைக்கும்தான் நனைந்திருந்தது. முகம் தெரியவில்லை. வலது கையை நிதானமாக அசைத்தான்.

வா, வா.

"பார்த்தியா? சாலைக்காரனே கூப்பிடறான். விடு வண்டியை."

வெர்னாவுக்கும் மனம் இளகியது. தம்பியின் வேலை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று. அந்த ஆளே நிற்கிறானே. பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்தினாள். கார் மெல்ல நகர்ந்தது. முன்சக்கரம் தண்ணீரைத் தொட்டது.

அப்போது மேட்டிலிருந்து பெரிய பனிக்கட்டி ஒன்று மிதந்து வந்தது. நேராக அவன் கால்களை நோக்கி. அவன் விலகவில்லை.

கட்டி தட்டவில்லை. திரும்பவில்லை. அவன் கால்களுக்குள் நுழைந்து மறுபக்கம் வந்து, அதே வேகத்தில் போனது.

அவனைச் சுற்றித் தண்ணீர் சுழிக்கவும் இல்லை.

வெர்னா பிரேக்கை மிதித்தாள்.

"அக்கா..." கார்லண்டின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "நீயும் பார்த்தியா?"

"பேசாதே."

பின்கியரைப் போட்டாள். முதல் தடவை விழவில்லை. இரண்டாவது தடவை விழுந்தது. கார் பின்னால் வந்தது.

அந்தக் கை அசைந்துகொண்டே இருந்தது.

பின்னால் ஒரு பிக்கப் வண்டியின் விளக்குகள் தெரிந்தன. ஊர்க்காரர் கிடியன் கிழவர். பக்கத்தில் அவர் மனைவி எஃபி. ஹாரன் அடித்துக்கொண்டே வண்டியை ஒதுக்கி, வெர்னாவைத் தாண்டிப் போகப் பார்த்தார்.

வெர்னா யோசிக்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துத் தன் காரைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினாள். பிக்கப் அவள் கதவுக்கு ஒரு சாண் தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது. அக்காளும் தம்பியும் இறங்கி ஓடினார்கள்.

"பைத்தியமா பொண்ணே உனக்கு?" கிழவர் கண்ணாடியை இறக்கிக் கத்தினார். "இடிச்சிருப்பேன்!"

"இடிங்க கிடியன் மாமா. ஆனா அந்தத் தண்ணிக்குள்ள போகாதீங்க."

"அவன் வான்னு கூப்பிடறது உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. அதனாலதான் சொல்றேன்."

"நகத்து வண்டியை. இந்த ரோட்டை நீ பொறக்கறதுக்கு முன்னாடியே..."

அடியில் எங்கோ ஒரு முனகல் கேட்டது. அந்தச் சத்தத்தைக் காதைவிடப் பாதங்கள்தான் முதலில் உணர்ந்தன.

தார்ச்சாலை நடுவில் மெதுவாகத் தொய்ந்தது. ஈரத்துணி தொய்வதைப் போல. பிறகு மொத்தமாக உள்ளே போனது. அடிமண் எல்லாம் எப்போதோ அரித்துப் போய், மேலே வெறும் தார்த்தோல்தான் மிச்சம் இருந்திருக்கிறது. ஒரு வீடு இறங்கக்கூடிய பள்ளம். அதற்குள் ஓடை இரைந்துகொண்டு விழுந்தது.

அவன் விழவில்லை.

சாலை இருந்த அதே உயரத்தில், வெறும் காற்றில், நின்றிருந்தான். கையை அசைத்தான்.

வா, வா.

எஃபி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கிழவர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். பனிப்படலம் ஒரு தடவை அடர்ந்து விலகியது. அங்கே யாரும் இல்லை.

கார்லண்ட் அக்காளின் தோளைப் பிடித்தான். "நான்தான் விடு விடுன்னேன்க்கா."

"விடலையே. போதும்."

அக்கரையில் ஒரு ரொட்டி வண்டி நின்றது இப்போதுதான் அவர்கள் கண்ணில் பட்டது. அதன் ஓட்டுநர் பள்ளத்தின் விளிம்புக்குத் தள்ளி நின்று, ஓடை இரைச்சலுக்கு மேல் கத்தினார்.

"எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"இருக்கோம்! நீங்க தண்ணிக்குள்ள இறங்கலையே?" என்று வெர்னா கத்தினாள்.

"இறங்க இருந்தேன்! உங்க பக்கத்துல நின்ன ஆரஞ்சு சட்டைக்காரர் வா வான்னு கூப்பிட்டாரே!"

வெர்னா இருபக்கமும் பார்த்தாள். "எங்க பக்கத்துல யாரும் நிக்கலைங்க!"

"என்னம்மா சொல்றீங்க? உங்க கார்கிட்டயேதான் நின்னாரு!"

"இப்ப எங்க?"

அந்த மனிதர் வெர்னாவின் காரைக் கை காட்டினார்.

"பின்கதவைத் திறந்து ஏறினாரே!"

நால்வரும் காரைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. கார்லண்ட் போய்க் குனிந்து பார்த்தான். பின்சீட்டில் அவனுடைய பைகூட இல்லை; அது டிக்கியில் இருந்தது.

"காலியா இருக்குக்கா."

வேறு வண்டி எதுவும் வந்து விழுந்துவிடக் கூடாது என்று கிழவர் பிக்கப்பைக் குறுக்கே போட்டு, விளக்குகளை மினுக்கவிட்டுக் காவல் நின்றார். அந்த இடத்தில் கைப்பேசி வேலை செய்யாது. யாராவது ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். விமானம் போனது போனதுதான்.

வெர்னா காரைத் திருப்பினாள். ஊரை நோக்கிக் கொஞ்ச தூரம் வந்திருந்தார்கள்.

டிங். டிங். டிங்.

பின்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் எழும் மணி. முன்பலகையில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஈரத்துல ஏதாவது கெட்டுப்போயிருக்கும்" என்றான் கார்லண்ட். அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

டிங். டிங். டிங்.

"போட்டுவிடுடா" என்றாள் வெர்னா, கண்ணாடியைப் பார்க்காமல். "சத்தம் தாங்கலை."

அவன் உடம்பைத் திருப்பி, கையை நீட்டி, காலிச் சீட்டின் பெல்ட்டை இழுத்து மாட்டினான். மணி நின்றது. இழுத்த பட்டை தளர்ந்து சீட்டில் விழவில்லை. யாரையோ சுற்றிக்கொண்டதைப் போல முன்னால் புடைத்து நின்றது.

கார்லண்ட் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

பின்னால் மெதுவாக, பெல்ட் கழலும் 'க்ளிக்' கேட்டது.

மணி மறுபடி அடிக்க ஆரம்பித்தது.