கழற்றாத பூட்ஸ்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. ரே ஹ்லிங்கா முதன்முறை வந்தவராம். காலையில் அவருக்குப் பழைய நோயாளிக்கான குறியீட்டைப் போட்டுவிட்டேன். மாலையில் மேலாளர் ஜோலீன் சொன்ன பிறகு புதியவர் என்று மாற்றினேன். ஏன் அப்படிப் போட்டேன் என்று தெரியவில்லை. இனி கவனம் வேண்டும்.

மாலை வகுப்பில் கட்டணக் குறியீடு படித்துக்கொண்டே யங்ஸ்டவுன் நகர மருத்துவமனை ஒன்றில் அதே வேலை பார்த்த கென்ட்ரா, இதை நாட்குறிப்பில் எழுதியதோடு மறந்துவிட்டாள். மே மாதம் ரேயின் மனைவி மார்ஜி வந்து நின்றாள். ரே நுரையீரல் புற்றில் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நவம்பரிலேயே இருமலோடு வந்த கணவரைப் எக்ஸ்ரே படம்கூட எடுக்காமல் டாக்டர் லண்ட் திருப்பி அனுப்பினார் என்றாள். அன்று அவள் காரிலேயே காத்திருந்ததால் சாட்சி இல்லை. மருத்துவமனையோ, அவர் மார்ச்சுக்கு முன் வந்ததே இல்லை, ரசீதில் ‘புதியவர்’ என்றுதானே இருக்கிறது என்றது. மூன்று ஆண்டுக்குள் ஒரு முறை வந்திருந்தாலும் அப்படிப் போடக்கூடாது என்பது விதி.

டாக்டர்களின் காப்பீட்டு நிறுவனம் விசாரிக்க அனுப்பிய வெர்னா சோப்சாக் அதிகம் பேசாதவள். அவள் கேட்காமலே கென்ட்ரா கோப்புகளை எடுத்துக் கொடுத்தாள், தன் மார்ச் தவறையும் ஒப்புக்கொண்டாள். “தவறுன்னு யார் சொன்னது?” என்று மட்டும் கேட்டாள் வெர்னா.

மறுநாள் சாப்பாட்டு அறையில் எல்லோரும் கூடினார்கள். மேஜையில் டோனட் பெட்டியை யாரும் தொடவில்லை. மார்ச்சில் உள்ளே என்ன நடந்தது என்று வெர்னா மார்ஜியிடம் கேட்டாள்.

“பூட்ஸோடவே எடை பாத்தாங்க. குனிஞ்சா அவருக்கு மூச்சு வாங்கும். கழட்டச் சொல்லல, தப்பிச்சேன்டின்னு சிரிச்சாரு.”

இங்கே உயரம் அளப்பது முதல்முறை வருபவர்களுக்கு மட்டும்தான், அதுவும் பூட்ஸைக் கழற்றச் சொல்லித்தான் என்று நர்ஸ் டீனா தயங்கித் தயங்கிச் சொன்னாள். மார்ச்சில் அவள் ரேயை அளக்கவில்லை. உயரம் ஏற்கெனவே திரையில் இருந்ததாம்.

“அவரே சொல்லியிருப்பார்,” என்றார் லண்ட்.

“உங்க வீட்டுக்காரர் எவ்வளவு உயரம் மார்ஜி?” என்றாள் வெர்னா.

“ஆறடின்னுதான் ஊரெல்லாம் சொல்லுவாரு. லைசென்ஸ்லகூட அதான். பொய்யி. என்னை மயக்க ஆரம்பிச்சது, கடைசிவரை விடல.”

“இங்க இருக்கறது ஐந்தடி பத்தரை அங்குலம். அது அவர் வாயில இருந்து வராது. அளவுகோல்ல இருந்துதான் வரும்.” வெர்னா கென்ட்ராவைப் பார்த்தாள். “அளக்காமலே உயரம் இருந்ததைக் காலையில உன் கண்ணு பாத்துது, அதான் கை பழைய நோயாளின்னு போட்டுது. அன்னிக்கு மதியம் ஸ்கேன்ல புத்துன்னு வந்துச்சு. நவம்பர் வருகையை யாரோ அழிச்சாங்க. உயரத்தை அழிக்க மறந்துட்டாங்க. சாயங்காலம் உன்னை மாத்தச் சொன்னாங்க.”

மார்ஜி டாக்டரிடம் கேட்டாள்: “நவம்பர்லயே படம் எடுத்திருந்தா?”

லண்ட் காபிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது மேலாளர் ஜோலீன்தான்.

“ரசீதை மாத்தினது கென்ட்ரா. கம்ப்யூட்டர்ல அவ பேர்தான இருக்கு.”

“நீங்க சொன்னீங்க ஜோலீன்.”

“எழுதிக் குடுத்தேனா கண்ணு?”

கென்ட்ரா எழுந்து வெளியே வந்தாள். நிறுவனத்துக்குத் தான் அறிக்கைதான் தரமுடியும், அதை அவர்கள் வெளியே விடமாட்டார்கள் என்று வெர்னா வாசலில் வைத்துச் சொன்னாள். அதற்குள் கென்ட்ராவின் மேஜைச் சாமான்கள் ஓர் அட்டைப்பெட்டியில் ஏறியிருந்தன.

ஜூன் 3, செவ்வாய். மார்ச் 11 அன்று எழுதியது சரியில்லை. காலையில் போட்டது சரி. மாலையில் செய்ததுதான் தவறு. நாளை காலை ஒன்பது மணிக்கு மார்ஜியின் வக்கீலிடம் போக வேண்டும். மாற்றியது என் கை, மாற்றச் சொன்னது ஜோலீன் என்று கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். விடுப்புக் கேட்க வேண்டியதில்லை.