வேண்டாம் என்ற பொத்தான்

தேவிப்ரியா எதையுமே தொடவில்லை. திறந்தாள், பார்த்தாள், மூடினாள். ஆனாலும் அந்தச் சின்னப் பெட்டி திரையின் நடுவில் வந்து நின்றது: மாற்றங்களைச் சேமிக்கவா?

பதின்மூன்றாவது நாளாக 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.

வெள்ளிமலைப் பள்ளியில் தன் மூன்றாம் வகுப்புக்காக அவளே செய்த ஸ்லைடு அது. வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருக்கும் போட்டோ. அதில் ஒரு பிள்ளையின் முகத்தைத் தொட்டால் கேள்வி வரும், பதில் சரியென்றால் மார்க் ஏறும். மறுநாள் புதிதாகத் தொடங்க வேண்டும் என்பதால் அவள் எதையும் சேமிப்பதில்லை. ஆனால் நாளைக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் முன்னால் இந்தப் பெட்டி வந்து மானத்தை வாங்கக்கூடாது.

சாயங்கால மழை ஓட்டின் மேல் விடாமல் இறங்கிக்கொண்டிருக்க, ஈரச் சுவரின் வாடையும் பக்கத்து அறை அரிசி மூட்டைகளின் வாடையும் கலந்து வகுப்பை நிறைக்க, அதே மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் ஷாலினி கடைசி பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதும் பென்சில் சத்தம் மட்டும் அவளுக்குத் துணையாக இருந்தது. சங்கராபுரத்தில் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் பிரவீன்குமாருக்குப் போன் போட்டாள்.

"ரெண்டு வழி இருக்குது டீச்சர். மூடறப்போ ஒண்ணும் மாறலன்னு ஒரு வரி போட்டா கேக்காது. இல்லாட்டி, கேக்காம தானாவே சேமிச்சுக்கன்னு போடலாம். உங்களுக்கு இன்னா வேணும்?"

"நாளைக்கு மார்க்கு அழியக்கூடாது சார். தானாவே சேமிச்சுக்கட்டும்."

அவர் சொல்லச் சொல்ல அந்த வரியை அடித்தாள். மூடிப் பார்த்தாள். கேட்கவில்லை. அப்பாடா என்றிருந்தது.

சரிபார்க்க மறுபடியும் திறந்தாள்.

போட்டோவின் ஜன்னலுக்கு வெளியே சாயங்காலங்களில் ஒரு நிழல் தெரியும். காலையில் திறந்தால் இருக்காது. திரையில் அழுக்கு என்று எத்தனையோ முறை முந்தானையால் துடைத்திருக்கிறாள். இப்போது அது ஜன்னலுக்கு உள்ளே நின்றது. உயரமாக. கூரை முட்டாமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டு.

பதறி மூடினாள். திறந்தாள்.

கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றது.

மூடினாள். திறந்தாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. போட்டோவில் இருந்த ஷாலினி சுவரோரம் ஒதுங்கியிருந்தாள். அவள் தோளில் ஒரு நீளமான கை.

அப்போதுதான் தேவிப்ரியாவுக்கு உறைத்தது. பதின்மூன்று நாளும் அது உள்ளே வரப் பார்த்திருக்கிறது. பதின்மூன்று நாளும் அவள் சொன்ன 'வேண்டாம்' அதை வெளியே தள்ளியிருக்கிறது. இன்றைக்கு அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டாள்.

பென்சில் சத்தம் நின்றிருந்தது.

பெஞ்ச் கிறீச்சிட்டது.

"ம்மா," என்றாள் ஷாலினி, பின்னாலிருந்து. "நான் நவுந்து குந்திக்கினேன். அவங்களுக்கு எடம் பத்தல."

திரும்ப வேண்டும். கழுத்து திரும்பவில்லை. கண் திரையிலேயே இருந்தது.

திரையில் அந்தக் கை தோளிலிருந்து மெல்ல மேலே போனது. ஷாலினியின் வாயைப் பொத்தியது.

பின்னால் பென்சில் கீழே விழுந்து உருண்டு வந்தது. அவள் காலில் இடித்து நின்றது.

ஸ்லைடு தானாக மூடிக்கொண்டது. அவளிடம் எதையும் கேட்கவில்லை.