கலைக்கும் அதிகாரம்

றெஜினா வந்தபோது அக்னெஸ் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அகதி விசாரணைகளில் முப்பது ஆண்டுகள் மொழிபெயர்த்து ஓய்வுபெற்றவர். பொய் கேட்டு அலுத்தவர். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் அவருடைய தம்பி கிறிஸ்தோப்பர் உடனே குறிப்பெழுதக் கொப்பியை எடுத்தார்.

மொன்றியலில் அவர்களுடைய ஊர்ச் சங்கத்துக்குப் புதிதாகத் தலைவர் பதவி. அதற்கான யாப்பை, சங்கத்தின் விதிகளை, எழுதியவர்கள் மூவர். தலைவர் செயற்குழுவைக் கலைக்கலாம் என்று நான்கு மாதம் வாதாடினார் சிவநேசம். கூடாது என்றார் ஞானேந்திரன். பொதுச்சபைதான் தலைவரை நீக்கவேண்டும் என்றாள் றெஜினா. அவள் சொன்னதே நின்றது. மூவரும் கையொப்பமிட்டு, உறையிலிட்டு ஒட்டி, அவளிடம் கொடுத்தார்கள்.

இப்போது வேட்பாளர் இரவிச்சந்திரன் ஒரு திருத்தத்தாளைக் காட்டுகிறார். 'தலைவர் செயற்குழுவைக் கலைக்கலாம்.' கீழே மூன்று கையொப்பங்கள். றெஜினா அதை மறைத்தாளாம். ஞாயிறு அவளைச் சங்கத்திலிருந்து நீக்கத் தீர்மானம் கொண்டுவரப்போகிறார்கள்.

"மற்ற ரெண்டு பேரும்?" என்று கேட்டார் அக்னெஸ்.

"ஞாபகமில்லையாம், அக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே நாளில மறதி வந்திட்டுது. எனக்குக் கள்ளி எண்ட பேர்."

சிவநேசம்தான் செய்திருப்பார் என்றார் கிறிஸ்தோப்பர். றெஜினா கொண்டுவந்த தாளின் பிரதியை அக்னெஸ் பார்த்தார். முதலில் சிவநேசம், பிறகு ஞானேந்திரன், கடைசியில் றெஜினா. எந்த வரிசையில் ஒப்பமிடுவீர்கள் என்று கேட்டார். மூத்தவர் முதலில், ஊர் வழக்கம் அதுதான் என்றாள் றெஜினா. அங்கத்துவப் படிவங்கள் யாரிடம்? இரண்டு வருடத்துக்கு முன் டொரன்டோவிலிருந்து வந்த, ஊரில் வாழ்ந்திராத இரவிச்சந்திரனிடம்.

ஞாயிறு, தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில், எல்லோர் முன்னிலையிலும் அக்னெஸ் உறையைப் பிரித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் ஒப்பம் ஞானேந்திரனுடையது.

"ஞானேந்திரன் அண்ணை மூத்தவர் எண்டு ஊராக்கள் எல்லாருக்கும் தெரியும். சிவநேசம் அண்ணை உட்பட. ஆனா கனடாவுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரன் பாஸ்போர்ட்டில அவருக்கு ஆறு வயது குறைச்சவன். படிவத்திலையும் அந்த வயதுதான். இந்தத் தாளை எழுதினவர் படிவத்தைப் பார்த்து வரிசை போட்டிருக்கிறார். கையெழுத்துகளும் படிவத்தைப் பார்த்து வரைஞ்சதுதான்."

இரவிச்சந்திரன் சிரித்தார். "அப்ப அண்ணை கனடாவுக்குப் பொய் சொன்னவரோ? சபையில சொல்லட்டும். எழுதிக்கொள்ளுறன்."

ஞானேந்திரனின் மறதிக்குக் காரணம் இந்த வயதுப் பொய் வெளிவரும் என்ற பயம்தான். சிவநேசத்துக்குத் தலைவர் கலைக்கலாம் என்ற வரி இனித்தது, அதனால் மறந்தார். மண்டபம் சப்பாத்துகளைப் பார்த்தது. அங்கே பாதிப்பேரின் வயது ஏஜென்சிக்காரன் கொடுத்தது.

ஞானேந்திரன் எழுந்தார். "எனக்கு எழுபத்தாறு. றெஜினா பிள்ளை இந்தத் தாளில கையெழுத்து வைக்கேல்லை. நானும் வைக்கேல்லை."

இரவிச்சந்திரன் வெளியேறினார். தீர்மானத்தைக் கைவிட்டார்கள். முதலில் கைதட்டியவர் சிவநேசம். யாரோ றெஜினாவையே தலைவராக்குவோம் என்றார்கள்.

றெஜினா கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

"என்ர பேர் மீண்டிட்டுது, அக்கா," என்றாள். "இனி இந்த ஆக்களோட இருக்கத் தேவையில்லை."